பறவையிடம் பாடம் கேட்ட அறிஞர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மாமல்லபுரக் கடற்கரையில் படகுகள் கரைசேரும் காலை வேளையில், மீனுக்காக வட்டமிடும் பருந்துகளைக் காணலாம். கடற்காற்று மாறி மாறி அடித்தாலும் அவை தடுமாறுவதில்லை. கூர்ந்து நோக்கினால் கரும்பருந்து தன் வாலை இப்படியும் அப்படியும் ஓயாமல் திருகிக்கொண்டே இருப்பது தெரியும். மீனவர் வீட்டில் பிறந்தும் அந்த வாலை நான் முதன்முதலாகக் கவனித்தது, நான் பிறக்குமுன்பே மறைந்துவிட்ட அறிஞர் சதீஷ் தவான் அவர்களின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான்.

தவான் 1920 செப்டம்பர் 25இல் ஸ்ரீநகரில் பிறந்தார். லாகூரில் கணிதமும் இயற்பியலும் பயின்றார். அதன்பின் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. அதற்கும் மேலே இயந்திரப் பொறியியல். அறிவியல் மாணவனுக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்போர் இதைக் கவனிக்க வேண்டும். பின்னர் அமெரிக்கா சென்று, கால்டெக் நிறுவனத்தில் 1951இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்தி ஆராயும் காற்றுச் சுரங்கத்தை நம் நாட்டில் முதலில் அமைத்தவர் அவரே. 1962இல் அக்கழகத்தின் இயக்குநரானார்.

அவர் துறையின் அடிப்படையைச் சிறிது விளக்க விரும்புகிறேன். விமானத்துக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று நிலைப்புத்தன்மை. காற்று மூக்கைத் தூக்கிவிட்டால், விமானி கைவைக்காமலே அது பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். எடைமையம் முன்னேயும் வால் வெகுதூரம் பின்னேயும் இருப்பதால் இது நடக்கிறது. மூக்கு உயர்ந்தால் வாலின் கிடைச்சிறகில் காற்றின் தூக்குவிசை கூடி வாலை உயர்த்தும், மூக்கு தாழும். மற்றொன்று கட்டுப்பாடு. வாலின் மடல் மூக்கை ஏற்றி இறக்கும்; இறக்கை ஓரத்து மடல்கள் உடலைப் பக்கவாட்டில் சாய்க்கும்; செங்குத்தாக நிற்கும் சுக்கான் இடமும் வலமும் திருப்பும். இவ்விரு குணங்களும் ஒன்றோடொன்று இழுபறி செய்பவை. அடியில் நீளமான கட்டை வைத்த படகு நேராக ஓடும், சட்டென்று திரும்பாது என்பது எங்கள் அப்பாவுக்குத் தெரியும். விமானமும் அப்படியே. மிகையாக நிலைத்தது சொன்னபடி திரும்பாது. நிலைப்பே இல்லாதது கையில் அடங்காது.

பறவையின் கதையோ வேறு. அதற்கு விமானத்தைப்போல் செங்குத்து வால் கிடையாது. இறக்கையையும் வாலையும் நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே அது பறக்கிறது. இந்த வியப்பு தவானை விடவில்லை. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே பழவேற்காடு ஏரியில் பறவைகளைப் பார்த்துப் பறவையின் பறத்தல் பற்றி ஒரு நூலே எழுதினார். அந்தப் பழவேற்காடும் முன்பு நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர்தான்!

1971 டிசம்பர் 30இல் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். கால்டெக்கில் இருந்த தவானை விண்வெளிப் பணிக்குத் தலைமை ஏற்க இந்திரா காந்தி அழைத்தார். அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவியிலும் தொடர்வேன், விண்வெளித் தலைமையகம் பெங்களூரில் இருக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்து ஏற்றார். 1972 முதல் 1984 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1979 ஆகஸ்டு 10. எஸ்.எல்.வி.-3 முதன்முறையாக ஏவப்படும் நாள். திட்ட இயக்குநர் இராமேசுவரத்து அப்துல் கலாம். ராக்கெட் என்பது உள்ளங்கையில் நிறுத்திய மூங்கில் கழி போன்றது. கை ஓயாமல் நகர்ந்தால்தான் நிற்கும். காற்று மெலிந்த உயரத்தில் சிறகுகளால் பயனில்லை. சிறு குழல்கள் பீச்சும் வாயுவின் உதைப்பே சுக்கான். அன்று கணிப்பொறி நிறுத்தச் சொல்லியும், நிபுணர் கணக்கை நம்பித் தாமே ஏவ முடிவு செய்ததாகக் கலாம் பின்னாளில் கூறியிருக்கிறார். முதல் கட்டம் நன்றாகவே எரிந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி நைட்ரிக் அமிலம் ஒழுகிப்போயிருந்தது. உந்துவிசை இருந்தது, திருத்தும் கை இல்லை. புறப்பட்ட 317ஆம் நொடியில் எல்லாம் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு!

பத்திரிகையாளர் காத்திருந்தனர். கலாமை முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கியிருக்கலாம்; பழி அவரைத்தான் சேரும். தவான் தாமே போய் அமர்ந்தார். தோல்வியைத் தம் பெயரில் ஏற்று, தம் குழுவினர் அடுத்த முறை வெல்வார்கள் என்று உறுதி கூறினார். 1980 ஜூலை 18இல் அதே எஸ்.எல்.வி.-3, 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று பத்திரிகையாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பிவிட்டார். இதைக் கலாம் பல மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பலருக்கும் தெரிந்த கதையாகிவிட்டது. ஆனால் பழுது இன்னதென்று அறிந்து படித்தபோதுதான் எனக்கு அதன் கனம் புரிந்தது. ஒரே ஒரு வால்வு!

தவான் 2002 ஜனவரி 3இல் காலமானார். அவ்வாண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

சென்ற மார்கழியில் நண்பர்களோடு வேடந்தாங்கல் போயிருந்தேன். கூழைக்கடா ஒன்று ஏரியில் இறங்கியது. இறக்கையை விரித்து, வாலைத் தாழ்த்தி, கால்களை முன்னே நீட்டி, நீரைத் தொடுமுன் எத்தனை முறை தன்னைத் திருத்திக்கொண்டது என்று எண்ணப் பார்த்தேன். ஏழுக்குமேல் எண்ண முடியவில்லை. அதற்குள் அது நீரில் மிதந்துகொண்டிருந்தது.