கைவிளக்கேந்திய காரிகையின் கணக்கேடு

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும், நள்ளிரவில் கையில் விளக்குடன் நோயாளிகளிடையே நடந்து செல்லும் அன்னையின் உருவமே நம் கண்முன் தோன்றும். ஆனால் அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்த பின் செய்த தொண்டு அதைவிடப் பெரிது. அதை நம்மில் பலர் அறிவதில்லை.

இத்தாலியிலுள்ள புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில், 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் வீட்டிலேயே பல மொழிகளையும் வரலாற்றையும் கற்பித்தார். கணிதத்தில் புளோரன்சுக்குத் தணியாத ஆர்வம். பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைப்பதாக உணர்ந்தார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வது அந்நாளில் இழிந்த வேலையாகக் கருதப்பட்டது. குடும்பத்தார் பல ஆண்டுகள் தடுத்தனர். அவர் மனம் தளரவில்லை, திருமணத்தையும் மறுத்தார். 1851இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்று, 1853இல் லண்டனில் ஒரு சிறு மருத்துவமனையின் கண்காணிப்பாளரானார்.

1854இல் கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. காயமுற்ற ஆங்கிலேய வீரர்கள் துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனையில் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். அரசின் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் நைட்டிங்கேல் அங்குச் சென்றார். அவர்களில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த நைட்டிங்கேலுக்கும், பெர்மான்ட்சி மடத் தலைவி அன்னை மேரி கிளேர் மூருக்கும் அங்கு மலர்ந்த நட்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

இராணுவ மருத்துவர்கள் பெண்களின் உதவியை விரும்பவில்லை. நைட்டிங்கேல் சண்டையிடவில்லை. மருத்துவர்கள் அழைக்கும்வரை எவரும் நோயாளிகளைத் தொடக் கூடாது என்று தம் குழுவினருக்குக் கட்டளையிட்டார். அதுவரை கட்டுத்துணிகளைத் தைத்தனர். காயமுற்றோர் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்ததும் மருத்துவர்களே அழைத்தனர். பின்னர் சமையற்கூடம் சீரானது. வாடகை வீட்டில் சலவைக்கூடம் அமைந்தது. அங்கு வீரர்களின் மனைவியர் வேலை பெற்றனர்.

இத்தனை செய்தும் மரணம் குறையவில்லை. 1855 பிப்ரவரியில் இறப்பு நூற்றுக்கு 42 என்ற அளவை எட்டியது. மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு, கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்து, குடிநீரைச் சீராக்கியது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 அளவாகத் தாழ்ந்தது.

1856இல் தாயகம் திரும்பிய நைட்டிங்கேல் வரவேற்பு விழாக்களைத் தவிர்த்தார். லண்டனில் முதலில் பெர்மான்ட்சி மடத்துக்குச் சென்று கன்னியருடன் செபித்தார். பிறகு இறந்த வீரர்களின் கணக்கை ஆராயத் தொடங்கினார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் துணைநின்றார். காயங்களால் மாண்டவர் சிலரே. அசுத்தத்தால் பரவிய நோய்களால் மாண்டவரே பலர் என்பது தெளிவாயிற்று. தாம் பணியாற்றிய மருத்துவமனையும் அதற்கு விலக்கன்று. உலகமே புகழும் ஒருவர் இந்த உண்மையை மறைத்திருக்கலாம். அவரோ அதை எண்களாலும் வண்ணப் படங்களாலும் விளக்கி, அரசின் முன் வைத்தார்.

பெண் என்பதால் அரசு விசாரணைக் குழுவில் அவருக்கு இடமில்லை. உடல்நலம் குன்றி, பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். ஆயினும் அக்குழுவுக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டித் தந்தவர் அவரே. 1858இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது. 1860இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இழிவாக எண்ணப்பட்ட வேலை, கற்றுத் தேறிச் செய்யும் மதிப்புக்குரிய பணியாயிற்று.

இந்தியாவுக்கு அவர் ஒருபோதும் வந்ததில்லை. எனினும் இங்குள்ள இராணுவ முகாம்களிலிருந்து விவரங்களைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தார். ஆங்கிலேய வீரர்களிடையே ஆயிரத்துக்கு 69ஆக இருந்த ஆண்டு இறப்பு, சுகாதாரச் சீர்திருத்தங்களால் 1873க்குள் 18ஆகக் குறைந்தது. சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, நீர்ப்பாசன வசதி பெருக வேண்டுமென்று எழுதினார்.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறந்த நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அன்புத் தோழியரே! இரக்கம் நம் உள்ளத்தில் விளக்கேற்றுகிறது. அந்த ஒளியில் நம் பணியின் குறைகளையும் அஞ்சாமல் பார்க்கக் கற்போமாக!