வழக்கறிஞர், மேயர் என். சிவராஜ்

நம் இளைஞர்கள் அறிந்து போற்றத்தக்க பெரியோருள் ஒருவர் ராவ்பகதூர் என். சிவராஜ் அவர்கள். 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் பிறந்த அவர், தீண்டாமைக் கொடுமை ஓங்கியிருந்த காலத்திலேயே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். அன்னை மீனாம்பாள் அவர்தம் வாழ்க்கைத் துணைவியார்; தாமும் பொதுத்தொண்டில் சிறந்தவர்.

கற்ற சட்டத்தைப் பொருளீட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தாமல், 1926 முதல் சென்னைச் சட்டமன்றத்திலும், 1937 முதல் டெல்லி மத்திய சட்டசபையிலும் நம் மக்களுக்காக வாதாடினார். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் அங்கு உருவான அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்திற்கும் அவரே தலைவரானார்.

1945இல் சென்னை மாநகரின் மேயர் ஆனார். ஒதுக்கி வைக்கப்பட்ட சமுதாயத்தின் மைந்தர் மாநகரின் முதற்குடிமகனாய் வீற்றிருந்த காட்சியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1957இல் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் செம்பரம்பாக்கமும் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்து ஊரே. 1964இல், தம் பிறந்தநாளன்றே மறைந்தார்.

மேயர் பதவி ஓராண்டில் முடிந்தது. கற்ற கல்வியோ இறுதிவரை அவருக்குத் துணை நின்றது. வறுமையால் படிப்பை இடையில் நிறுத்த எண்ணும் நம் பிள்ளைகளும், நிறுத்த எண்ணும் பெற்றோரும் இதனை நெஞ்சில் நிறுத்துவார்களாக.