தெலுங்கு தெரியாமலே தியாகராஜர்

தெலுங்கில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ஆனா லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டியில் போகும்போதெல்லாம் காதுல தியாகராஜர்தான்.

அவர் 1767-ல் திருவாரூரில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு, வாழ்ந்தது காவிரிக்கரைத் திருவையாற்றில், தமிழர்கள் நடுவே. சொண்டி வேங்கடரமணய்யாவிடம் இசை கற்றார். தஞ்சை அரசவை அழைத்தும் போகவில்லை என்பார்கள். உஞ்சவிருத்தி எடுத்து வாழ்ந்து, ராமனையே பாடினார். 1847-ல் மறைந்தார். இன்றும் ஆராதனை நாளில் அவர் சமாதி முன் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை எல்லாரும் கூடிப் பாடுறாங்க. நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும்.

புரியாம என்ன ரசனைன்னு நண்பர்கள் கேட்கிறாங்க. பாடியவரின் வாழ்க்கை தெரிஞ்சா, பாதி அர்த்தத்தை ராகமே சொல்லிடும். மீதிக்குத்தான் பொருளுரை இருக்கே! முதல்ல கேளுங்க, அப்புறம் படிங்க.