அந்தரங்கத்தில் காத்த அனல்: அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வாழ்வு

பக்தி வைராக்கியம் இருவகைப்படும். ஒன்று வைக்கோற்போரில் பற்றிய தீயைப் போன்றது. எழுப்புதல் கூட்டத்தில் பாட்டும் பிரசங்கமும் உள்ளத்தைத் தொடும்போது அது வானளாவ எழும். கூட்டம் கலைந்த மூன்றாம் நாள் சாம்பலே மிஞ்சும். மற்றொன்று நம் பாட்டிமார் இரவில் அடுப்புச் சாம்பலுக்குள் மூடி வைத்து, காலையில் ஊதி எழுப்பும் தணலைப் போன்றது. அது ஊரார் கண்ணில் படுவதில்லை. ஆயினும் மறுநாள் உலை கொதிப்பது அந்தத் தணலினாலேயே.

இரண்டாம் வகை அனலைத் தம் சிறுவயது முதல் இறுதி மூச்சு வரை அணையாமல் காத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்க நாட்டில் அடிமைத் தாய்க்குப் பிறந்து, வேளாண் விஞ்ஞானியாகவும் ஆசிரியராகவும் உயர்ந்த கறுப்பினப் பெருமகன் அவர். நிலக்கடலை விஞ்ஞானி என்றே பலரும் அவரை அறிவர். அவர் ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் திறப்பதற்கு முன் நாள்தோறும் எங்கே சென்றார், யாரோடு பேசினார் என்பதை அறிந்தவர் சிலரே. நம் இளைஞர் அறிய வேண்டியது அதுவே.

அடிமையின் மகன்

கார்வர் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளைக் குறித்து வைப்பார் இல்லை. மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த ஒரு பண்ணையில், 1864-ஆம் ஆண்டை ஒட்டி அவர் பிறந்தார் என்பர். பண்ணை உரிமையாளர் மோசஸ் கார்வர். தாயின் பெயர் மேரி. தந்தை அண்டைப் பண்ணையில் அடிமையாயிருந்தவர். மகன் அறியும் முன்பே விபத்தொன்றில் மாண்டார்.

அது உள்நாட்டுப் போர்க்காலம். அடிமைகளைக் கவர்ந்து விற்கும் கொள்ளையர் ஓரிரவு தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடியதில் குழந்தை மட்டுமே கிடைத்தது. குழந்தையை மீட்டுத் தந்தவனுக்கு ஒரு குதிரை ஈடாகக் கொடுக்கப்பட்டது. தாய் என்னவானாள் என்பது இறுதிவரை தெரியவில்லை. தாயின் முகம் அறியாத அப்பிள்ளையை மோசஸும் அவர் மனைவி சூசனும் வளர்த்தனர். நோயாளிக் குழந்தையாதலால் வயல் வேலைக்கு அவன் உதவவில்லை. சமையல், தையல், சலவை ஆகியவற்றைக் கற்றான். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குள் ஓடிச் செடிகளோடு காலம் கழித்தான்.

களஞ்சியப் பரணில் முதல் ஜெபம்

அவனுக்குப் பத்து வயதும் நிரம்பாத காலம். ஒரு சனிக்கிழமை அண்டை வீட்டு வெள்ளைச் சிறுவன் ஒருவன் வந்தான். மறுநாள் தான் ஞாயிறு பள்ளிக்குப் போகப் போவதாகச் சொன்னான். அங்கே என்ன செய்வார்கள் என்று ஜார்ஜ் கேட்டான். பாடுவார்கள், ஜெபம் செய்வார்கள் என்றான் அவன். ஜெபம் என்றால் என்ன என்பது ஜார்ஜின் அடுத்த கேள்வி. அதற்கு அச்சிறுவன் கூறிய விடை கார்வரின் நினைவில் நிற்கவில்லை. அவன் சென்றவுடன் தாம் செய்தது மட்டும் முதுமையிலும் அவருக்குப் பசுமையாக நினைவிருந்தது. தானியக் களஞ்சியத்தின் பரண்மீது ஏறி, மக்காச்சோளப் பீப்பாய் ஒன்றின் அருகே முழங்காலிட்டு, தெரிந்த அளவில் அவன் ஜெபித்தான்.

போதகர் இல்லை, பாடல் இல்லை, ஆமென் சொல்ல ஒரு துணையும் இல்லை. அடிமைத்தளை அறுந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஓர் அநாதைச் சிறுவனும் அவனைப் படைத்தவருமே அங்கிருந்தனர். அன்று தொடங்கிய அந்தத் தனி ஜெபம் அதன்பின் அவரை விட்டு நீங்கவில்லை.

அடைத்த கதவுகள்

ஊர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே பத்து மைலுக்குள் இருந்த நியோஷோ நகரத்துக்குச் சிறுவன் தனியே நடந்தான். அங்கே மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பினத் தாய் அவனுக்கு இடம் கொடுத்தார். பிரசவம் பார்ப்பதும் துணி வெளுப்பதும் அவர் தொழில். கற்க முடிந்ததையெல்லாம் கற்று, கற்றதைத் தன் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணத்தை அவன் நெஞ்சில் ஊன்றியவர் அவரே. அவர் ஒரு வேதாகமத்தையும் அவனுக்குக் கொடுத்தார். அதைக் கார்வர் தம் முதுமை வரையிலும் வைத்திருந்து வாசித்தார்.

பின்னர்க் கான்சஸ் மாநிலத்தில் ஊர் ஊராகப் பிழைத்துப் படித்தார். 1879-இல் போர்ட் ஸ்காட் நகரில் வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பர் ஒருவரைச் சிறையினின்று இழுத்து வந்து கொன்று எரித்ததைக் கண்ணால் கண்டார். அந்தக் காட்சி ஆயுள் முழுதும் அவரைத் துரத்தியது. உடனே அவ்வூரை விட்டு அகன்றார். சில ஆண்டுகள் கழித்து ஹைலண்ட் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அஞ்சலில் இடம் கிடைத்தது. நேரில் சென்றபோதோ அவருடைய நிறத்தைக் கண்டு கல்லூரியார் கதவை அடைத்தனர். கறுப்பர் என்று தெரிந்திருந்தால் அவர்கள் கடிதமே எழுதியிருக்கமாட்டார்கள்.

இந்த அவமானத்துக்குப் பின் ஐந்தாண்டுகள் போல அவர் கல்லூரி வாயிலை நெருங்கவில்லை. வெட்டவெளியில் மண்கட்டிகளால் வீடு கட்டிக்கொண்டு பயிரிட்டுப் பார்த்தார். பிறகு ஐயோவா மாநிலத்துக்குச் சென்றார். அங்கே விண்டர்செட் நகரத்து ஆலயம் ஒன்றில் பின்வரிசையில் அமர்ந்து பாடிய அவரது குரலைக் கேட்ட மில்ஹாலண்ட் என்னும் குடும்பத்தார் அவருக்கு நண்பராயினர். அவர்கள் வற்புறுத்தியதன் பேரில் 1890-இல் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் கற்கச் சேர்ந்தார். கட்டணம் செலுத்தியபின் கையில் மிஞ்சிய பத்துக் காசுக்குச் சோள மாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரத்தை ஓட்டினார். சக மாணவரின் துணிகளை வெளுத்துப் பிழைத்தார்.

அவருடைய தாவர அறிவைக் கண்ட ஓவிய ஆசிரியை, வேளாண்மை பயிலுமாறு கூறினார். 1891-இல் ஏம்ஸ் நகரில் உள்ள ஐயோவா வேளாண்மைக் கல்லூரியில் முதல் கறுப்பின மாணவராக அவர் நுழைந்தார். தொடக்கத்தில் மாணவரோடு உண்ண அவருக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் பணியாளரோடு உண்ண வைத்தனர். அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியர் ஜேம்ஸ் வில்சனோடு சேர்ந்து மாணவர் ஜெபக் கூட்டங்களுக்குத் தூணாக நின்றார் கார்வர். உணவுக்கூடத்தில் விலக்கப்பட்டவர் ஜெபக்கூடத்தில் மற்றவர்களைத் தாங்கினார். 1894-இல் இளநிலைப் பட்டமும் 1896-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

விடியுமுன் காட்டில்

1896-இல் புக்கர் டி. வாஷிங்டன் அவரை அலபாமா மாநிலத்து டஸ்கீகி நிறுவனத்துக்கு அழைத்தார். அடிமை வாழ்விலிருந்து மீண்ட மக்களுக்காகக் கறுப்பினத்தாரே நடத்திய கல்விக்கூடம் அது. கார்வர் சென்றார், 47 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஓவியக் கலையை விட்டே அவர் அங்குச் சென்றார்.

அங்கே அவருடைய நாள் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும். ஊர் உறங்கும்போது அவர் எழுந்து காட்டுக்குள் தனியே நடப்பார். செடிகளையும் மண்ணையும் கற்களையும் சேகரிப்பதும் அந்த நேரத்தில்தான். இறைவனோடு உறவாடி அன்றைய பணிக்கு வழிகாட்டுமாறு மன்றாடுவதும் அந்த நேரத்தில்தான். அவருக்கு இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் அல்ல. ஒரு பூவின் இதழை உற்று நோக்குவதும் அதைப் படைத்தவரின் குரலுக்குச் செவி சாய்ப்பதும் அவருக்கு ஒரே செயலாயிருந்தன. காலை உணவுக்கு மற்றவர்கள் எழும்போது, கை நிறையத் தழையும் உள்ளம் நிறைய அமைதியும் கொண்டு அவர் திரும்புவார்.

அந்தத் தனிமையிலிருந்து பிறந்த உழைப்பு சிறிதன்று. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வேண்டிய கருவிகள் இல்லை. குப்பைமேட்டில் கிடந்த புட்டிகளையும் கம்பிகளையும் மாணவரைக் கொண்டு பொறுக்கிக் கருவிகளாக்கினார். ஆண்டுதோறும் பருத்தியையே விளைவித்து மண் மலடாகிக் கிடந்தது. கறுப்பின விவசாயிகள் பலர் வாரத்துக்கு நிலத்தை உழுது கடனில் மூழ்கிக் கிடந்தனர். அவர்களுக்குப் பயிர் சுழற்சியைக் கற்பித்தார். தட்டைப்பயறும் நிலக்கடலையும் மண்ணுக்குத் தழைச்சத்தைத் தருவதையும் வயிற்றுக்கு உணவாவதையும் செய்து காட்டினார். எழுத்தறிவு குறைந்தவருக்கும் விளங்குமாறு 44 சிறு வெளியீடுகளை எழுதினார். 1906-இல் நடமாடும் வேளாண் பள்ளியாக ஒரு குதிரைவண்டியை வடிவமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் என்று அவரைப் பற்றிப் பெருமையாகக் கூறுவர். அவற்றுள் பல முன்னரே பிறர் அறிந்தவை. கடலை வெண்ணெயும் அவர் கண்டுபிடித்ததன்று. அவர் பெருமை அந்தப் பட்டியலில் இல்லை. ஏழை உழவன் தன் கையில் உள்ளதைக் கொண்டே வாழ வழி காட்டியதில் உள்ளது.

குறையும் நிறையும்

பக்தர் என்பதால் அவரைக் குறையற்றவர் என்று கருத வேண்டா. மனத்தாங்கல் எளிதில் கொள்பவர். கோழிப்பண்ணை நிர்வாகத்தைப் பற்றியும் பதவியைப் பற்றியும் மேலாளரோடு பூசலிட்டார். பணி விலகுவதாகப் பலமுறை எழுதினார். ஆயினும் ஒருமுறையும் விலகவில்லை. மாலையில் கோபத்தோடு கடிதம் எழுதியவர் மறுநாள் விடியுமுன் மீண்டும் காட்டுக்குச் சென்றார். தனி ஜெபம் அவருடைய குணத்தை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. எழுந்து திரும்ப நடக்கும் வலிமையை நாள்தோறும் தந்தது.

1907-ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் கேட்டுக்கொண்டதால் ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பொன்றைத் தொடங்கினார். கட்டாயம் எதுவும் இல்லை. சிலரோடு தொடங்கிய வகுப்பில் விரைவிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் கூடினர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அது நடந்தது. செடிகளையும் கனிமங்களையும் கையில் ஏந்தி அவர் வேதத்தை விளக்குவார். தாம் தனிமையில் பெற்றதையே அவர் அங்குப் பகிர்ந்தார். ஆகவேதான் அது வற்றவில்லை.

1921-இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின்முன் நிலக்கடலை உழவர் சார்பில் சாட்சியம் அளிக்கச் சென்றார். பத்து நிமிடமே கொடுக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவர் இன இழிவு தொனிக்கக் கேலி பேசினார். கார்வர் நிதானம் இழக்கவில்லை, பேச்சைத் தொடர்ந்தார். குழுவினர் மேலும் மேலும் நேரம் கொடுத்து, இறுதியில் கைதட்டி வழியனுப்பினர். 1924-இல் நியூயார்க் நகர ஆலயம் ஒன்றில் பேசியபோது, தம் ஆராய்ச்சிக்குரிய எண்ணங்கள் இறைவன் அருளியவை என்றார். விஞ்ஞானி பேசும் பேச்சா இது என நியூயார்க் டைம்ஸ் இதழ் கண்டித்தது. அவர் மனம் புண்பட்டார், ஆனால் பின்வாங்கவில்லை. தாம் படித்த நூல்களையும் பெற்ற பயிற்சியையும் எடுத்துக்காட்டி, ஜெபமும் படிப்பும் பகையல்ல என்று விடை எழுதினார்.

இனப் பாகுபாட்டை எதிர்த்து அவர் உரக்கப் பேசவில்லை என்று அவருடைய இனத்தாரே குறை கூறியதுண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. தனி ஜெபம் உரிமைப் போராட்டத்துக்கு மாற்று ஆகாது. ஆனால் போராடுபவன் வெறுப்பினால் உள்ளே எரிந்து கருகாமல் நெடுநாள் நிற்கத் தனி ஜெபம் துணையாகும். கும்பல் கொலையைக் கண்ட கண்கள் கசப்பால் குருடாகாமல் இருந்ததற்கு வேறு எந்தக் காரணத்தைச் சொல்வது?

இறுதியும் எஞ்சியதும்

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதி ஒன்றிலேயே வாழ்ந்தார். பழைய சட்டையில் ஒரு புதிய பூவைச் செருகிக்கொள்வதே அவருடைய அலங்காரம். சேமிப்பாக இருந்த ஏறக்குறைய 60,000 டாலரையும் ஆராய்ச்சி அறக்கட்டளைக்கே விட்டுச் சென்றார். 1943 ஜனவரி 5-ஆம் நாள் மறைந்த அவரை, டஸ்கீகியிலேயே புக்கர் வாஷிங்டனின் கல்லறை அருகே அடக்கம் செய்தனர். அதே ஆண்டு அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமெரிக்க அரசு அமைத்த முதல் தேசிய நினைவிடம் அதுவே.

இளைஞர்களே! ஒற்றை அறை வீட்டில் அறுவர் வாழும்போது, கதவைப் பூட்டித் தனியே ஜெபிக்க இடம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். கார்வருக்கும் அறை இல்லை. பரணும் பீப்பாயும் காடுமே அவருக்கு இருந்தன. பிறருக்குக் கேட்காத இடமும் தவறாத ஒரு நேரமும் போதும். கிணற்றடியோ, வயல் வரப்போ, விடுதியின் மொட்டை மாடியோ, விடியுமுன் அது உங்களுக்குச் சொந்தம். பெரிதாகத் தொடங்க வேண்டா. கால் மணி நேரமாயினும் நாள்தோறும் தொடங்குங்கள். சோர்வுற்ற நாளிலும் தொடருங்கள். கோபமுற்ற நாளில் கட்டாயம் தொடருங்கள். பின்பு எழுந்து படிக்கச் செல்லுங்கள், உழைக்கச் செல்லுங்கள், உரிமை கேட்கச் செல்லுங்கள். தணல் உள்ளே இருக்குமாயின் உலை ஒருநாளும் ஆறாது.