ஒற்றைக்கண் ரெயில் ராஜா

அமெரிக்காவின் வடபகுதிக்கு ரெயில் ராஜாவாக விளங்கியவர் ஜேம்ஸ் ஹில்.

கனடா நாட்டில் 1838-ம் ஆண்டு பிறந்தார். ஒன்பது வயதில் அம்பு பட்டு ஒரு கண் போயிற்று. 14 வயதில் தகப்பனாரும் இறந்தார். படிப்பு நின்றது. 17 வயதில் அமெரிக்காவுக்கு வந்து, செயின்ட் பால் நகரின் படகுத்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.

அந்த ஊரில் ஒரு ரெயில் கம்பெனி திவாலாகிக் கிடந்தது. 1878-ல் கூட்டாளிகளுடன் சேர்ந்து ஹில் அதைப் பிடித்துக்கொண்டார்! தண்டவாளத்தை மேற்கே நீட்டினார். வெறும் பாதை போட்டால் போதுமா? சரக்கு வேண்டாமா? வழி நெடுக விவசாயிகளைக் குடியேற்றினார். உயர்ந்த ரகக் காளைகளை இலவசமாகவே கொடுத்தார். கம்பெனிக்கு "கிரேட் நார்தர்ன்" என்று பெயர் சூட்டினார். 1893-ல் ரெயில் சியாட்டில் துறைமுகத்தை எட்டியது.

பக்கத்திலேயே "நார்தர்ன் பசிபிக்" என்ற போட்டி ரெயில் ஓடியது. அதையும் மார்கன் என்ற பெரும் பணக்காரருடன் சேர்ந்து தம் பிடிக்குள் கொண்டுவந்தார்.

1901-ல் ஹாரிமன் என்ற இன்னொரு ரெயில் முதலாளி அந்தப் பங்குகளை ரகசியமாக வாங்கத் தொடங்கினார். ஹில் பதறிப்போனார். இரு தரப்பும் போட்டி போட்டு வாங்கியதில், ஒரு பங்கின் விலை 1,000 டாலருக்கு ஏறியது! பங்கு மார்க்கெட்டே கலங்கியது.

பிறகு சமாதானம் ஏற்பட்டது. அதே ஆண்டில் "நார்தர்ன் செக்யூரிட்டீஸ்" என்ற புதுக் கம்பெனி பிறந்தது. முதல் 40 கோடி டாலர். விந்தை என்னவென்றால், அதற்குச் சொந்தமாக ஓர் என்ஜின் கிடையாது. ஓர் அடி தண்டவாளம் கிடையாது. பெட்டியில் இருந்தவை இரண்டு ரெயில் கம்பெனிகளின் பங்குப் பத்திரங்களே. பங்கு யாரிடம் அதிகமோ, அவரே எஜமானர் அல்லவா?

போட்டி ஒழிந்தால் கட்டணம் ஏறுமே என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் 1902-ல் வழக்குத் தொடுத்தது. 1904-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளில் 5 பேர் ஹில்லுக்கு எதிராகத் தீர்ப்பு அளித்தார்கள். கம்பெனி கலைந்தது.

ஹில் 1916-ல் காலமானார். 1970-ல் அந்த இரண்டு ரெயில்களும் வேறு சில ரெயில்களுடன் சேர்ந்து "பர்லிங்டன் நார்தர்ன்" என்ற ஒரே கம்பெனி ஆயின. இந்தத் தடவை சுப்ரீம் கோர்ட்டு சம்மதித்தது!

சாம்ராஜ்யத்தைக் கட்டியவர் என்பது ஹில்லின் பட்டப்பெயர். அந்தப் பொருளில் "எம்பயர் பில்டர்" என்று 1929-ல் பெயர் சூட்டிய ரெயில், சிகாகோவிலிருந்து சியாட்டிலுக்கு இன்றும் ஓடுகிறது.