கையுறை மாட்டிய ஜமீன் வீட்டுப் பிள்ளை

சென்ற பொதுக்குழுவில் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு விண்ணப்பம் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். சமுதாயக் கூடத்தின் பின்னறையில் மாலை வேளையில் குத்துச்சண்டை பழக அனுமதி கேட்டிருந்தார்கள். அது ரவுடிகள் சங்கதி, திருநாவலூருக்கு எதற்கு என்று சிலர் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஒன்றும் பேசாமல் எழுந்து வந்தவர்களில் நானும் ஒருவன். பரேஷ் லால் ராயைப் பற்றி அங்கே சொல்லியிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்கு வடசென்னைக் குத்துச்சண்டை தெரிந்திருக்கும். ராய் கல்கத்தாக்காரர். இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று இவரைச் சொல்வார்கள். பிறந்தது 1893 டிசம்பரில். பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள பரிசால் பகுதி, ஜமீன் குடும்பம். அப்பா பாரிஸ்டர். அம்மா லலிதா பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனில் தங்கியிருந்தபோது, பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1911-ல் அங்கே நடந்த பெரிய ஊர்வலத்தில் மற்ற இந்தியப் பெண்களோடு கலந்துகொண்டவர். பணத்துக்குக் குறைவில்லாத வீடு என்பதை மறைப்பானேன். ஆனால் வளையத்துக்குள் இறங்கிவிட்டால் அப்பாவின் சொத்து உதவாது, பாருங்கள்.

லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ். அங்கே பல்கலைக்கழக அணிக்காகக் குத்துச்சண்டை போட்டு 'புளூ' என்ற கௌரவத்தைப் பெற்றார். அவர் இறங்கியது பாண்டம் வெயிட் பிரிவில். ஏறத்தாழ 53 கிலோ. நம் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனின் எடை.

அந்த நாளில் இதற்கு என்ன அர்த்தம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேய அரசு நம் மக்களைப் போருக்கு ஏற்றவர்கள், ஏலாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. வங்காளிகள் ஏலாதவர்கள் பட்டியலில் இருந்தார்கள். படிப்பார்கள், பேசுவார்கள், அடி என்றால் ஓடிவிடுவார்கள் என்பது துரைமார் கணக்கு. (சென்னை ராஜதானி ஆட்களையும் பிற்பாடு பட்டாளத்தில் மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார்கள்.) அந்தக் கணக்கைத்தான் இந்த ஒல்லி ஆள் அவர்கள் ஊரிலேயே, அவர்கள் விதிப்படியே பொய்யாக்கினார்.

முதல் உலகப் போரில் பரேஷ் படையில் சேர்ந்தார். தம்பி இந்திரா லால் விமானப்படைக்குப் போனான். கண்பார்வை போதாது என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டவன், 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தினான். அதே மாதம் 22-ம் தேதி அவன் விமானம் சுடப்பட்டு விழுந்தது. வயது 19. அவன் நினைவாக 1998-ல் நம் அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. அண்ணன் உயிரோடு ஊர் திரும்பினார்.

கல்கத்தாவில் அப்போது குத்துச்சண்டை வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் ஆங்கிலோ-இந்தியர்களிடமும் இருந்தது. நம் பையன்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடம்தான். ராய் ரயில்வேயில் அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே அவர்களோடு மோதினார். அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, உள்ளூர்ப் பையன்களை அழைத்துக் கையுறை மாட்டிப் பழக்கியதை. போட்டிகள் நடக்க வழிசெய்தார். வங்காளத்தில் அமெச்சூர் சங்கம் உருவாக முன்னின்றார். பந்தயப் பணத்துக்காக ஆடும் சண்டை வேறு. இது அமெச்சூர் ஆட்டம்: சம எடைக்காரர்கள், மூன்றே சுற்று, தாங்க முடியாதவனைக் காப்பாற்ற நடுவர். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் விதிமுறைப் புத்தகத்தோடு குடும்பம் நடத்திய எனக்கு, ஒவ்வொரு குத்துக்கும் விதி இருக்கிற இந்த ஆட்டம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முறையாகக் குத்துச்சண்டை அணியை இறக்கியது. ராய் கையுறை மாட்டக் கற்ற அதே ஊர். அந்த அணியில் வங்காளத்துப் பையன்களும் இருந்தார்கள். 1979 டிசம்பரில், 86 வயதில் அவர் காலமானார்.

பிள்ளைகளின் விண்ணப்பம் இன்னும் செயலாளர் கோப்பில்தான் இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் அதை மறுபடி எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எதிர்த்துப் பேசியவர்களும் அவசியம் வாருங்கள்.