தொழில் வளர்த்த செம்மல் டி. வி. சுந்தரம் ஐயங்கார்

மாதந் தவறாது வரும் சம்பளமும் முதுமைக்கு உதவும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகமே வாழ்க்கைக்கு அரண் என்பது நம் காலனிக் குடும்பங்கள் பலவற்றின் கருத்து. ரயில்வேயில் குமாஸ்தாப் பணி புரியும் நாமும் அவ்வாறு எண்ணுபவரே. ஆயினும், அத்தகைய உத்தியோகத்தை விடுத்துத் தொழில் கண்ட பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

மேற்கு மலையடிவாரத்து வைணவத் தலமாகிய திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். தந்தையாரின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழிலில் புகுந்தார். பின்னர் ரயில்வேயிலும், அதன்பின் பாங்கியிலும் பணியாற்றினார். மூன்றும் ஊரார் மதிக்கும் பணிகளே. அவற்றை நீத்து 1911இல் சொந்தத் தொழில் தொடங்கி, மறு ஆண்டிலேயே பஸ் போக்குவரத்தை ஏற்படுத்தினார். மாட்டு வண்டிகளே சாலைகளில் மலிந்திருந்த அந்நாளில், மோட்டார் வண்டியில் முதலை முடக்குதல் எளிய துணிவன்று.

மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் தொழில் வளர்ந்தது. குறித்த நேரத்தில் பஸ் புறப்பட வேண்டும், குறித்த நேரத்தில் சேர வேண்டும் என்பதில் அவர் சிறிதும் தளர்ந்தாரில்லை. அவருடைய பஸ்ஸைக் கண்டு மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்பது அப்பக்கத்தில் வழங்கும் பேச்சு. கால அட்டவணையின் அருமை ரயில்வேயில் இருந்தோர்க்கு நன்கு விளங்கும். உத்தியோகத்தை விட்டாரேயன்றி, உத்தியோகம் கற்பிக்கும் ஒழுங்கை அவர் விட்டாரில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பெருந் தட்டுப்பாடு நேர்ந்தது. வண்டிகளை நிறுத்திவிட்டு வாளாவிராமல், கரியிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு எஞ்சினை இயக்கும் சாதனத்தைத் தம் நிறுவனத்திலேயே செய்வித்தார்.

நம் நாட்டுடன் அவர் குடும்பத்திற்கு உறவும் உண்டு. அவருடைய மகள் டாக்டர் சௌந்தரம், நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை 1940இல் மணந்தார். அவ்விருவரும் 1947இல் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர்.

1955 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயங்கார் கோடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கிய நிறுவனத்தை மக்கள் டி.வி.எஸ். என்று வழங்கலாயினர்.

உத்தியோகம் வேண்டா, தொழில் செய்வேன் என்று பிள்ளையொருவன் நம்முன் வந்து நின்றால், உடனே கடிந்து அடக்க வேண்டுவதில்லை. நேரமும் கணக்கும் தவறாது காக்கும் பழக்கம் அவனிடம் உண்டா என்று முதலில் நோக்குவோம். உண்டெனில், அவனுக்கு வழிவிடுதல் பெற்றோராகிய நம் கடமையாம். இல்லையெனில், முதலில் அதனைக் கற்பிப்போம். உத்தியோகத்திற்கும் அதுவே வேண்டும்.